அந்தப் பிழை என்னுடையது

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த சார், நான் எழுதிய புரோகிராமைத் தன் பெயரில் வெளியிட்டிருந்தார். அதை எழுதியது நான் என்று நாலு பேர் பார்க்கிற இடத்தில் அவரே ஒத்துக்கொள்ள வேண்டும். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றெல்லாம் ஆசையில்லை. மன்னிப்பை வாங்கி நான் எங்கே வைப்பது?

எலவனாசூர்கோட்டைப் பக்கம் எங்கள் வீடு. நிலம் கிடையாது, அப்பா அம்மா இருவருக்கும் கூலி வேலை. ஒன்பதாவதோடு என் படிப்பு நின்றது. யாரும் நிறுத்தவில்லை, நானே போகவில்லை. போர்வெல் லாரியில் ஏறி, பெயர் தெரியாத ஊர்களிலெல்லாம் கல் தூசியைத் தின்றேன். இரும்புக் குழாய் விழுந்ததில் இடது கைச் சுண்டுவிரல் மடங்காமல் போயிற்று. இப்போதும் டைப் அடிக்கும்போது அது மட்டும் எதிலும் சேராமல் நீட்டிக்கொண்டிருக்கும். மஞ்சள் காமாலை வந்து ஊர் திரும்பிய பிறகு, கனமான வேலை செய்ய முடியாததால் சாரின் சென்டரில் சேர்ந்தேன். இருபத்திரண்டு வயது. பெருக்குவது, டீ வாங்குவது, பிரின்ட் எடுப்பது, யுபிஎஸ் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது.

அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு கம்ப்யூட்டர் மொழி சொல்லிக்கொடுத்தார்கள். கட்டளைகளைத் தமிழிலேயே எழுதலாம். ஆர்வமுள்ள சிலர் ஓய்வு நேரத்தில் சேர்ந்து உருவாக்கிய சின்ன மொழி அது. வகுப்பு நடக்கும்போது நான் பின்னால் நின்று பார்ப்பேன். மதியம் மிஷின்கள் சும்மா இருக்கும்போது செய்து பார்ப்பேன். ஆங்கிலம் தேவைப்படாததால் எனக்கு அது பிடிபட்டது.

ஒரு தலைமையாசிரியர் அடிக்கடி வருவார். எந்த ஆசிரியருக்கு எந்த நேரம் எந்த வகுப்பு என்ற கால அட்டவணையை அச்சடித்துக்கொண்டு போவார். ஒரு ஆசிரியர் மாறினால் முழு அட்டவணையையும் மாற்றிக்கொண்டு மறுபடி வருவார். அவருக்காகத்தான் அந்தப் புரோகிராமை எழுதினேன். ஆசிரியர் பட்டியலைக் கொடுத்தால் அட்டவணையை அதுவே போட்டுவிடும். ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. சார் பார்த்துவிட்டு, "பரவால்லியே, ஓடுதே" என்றார்.

கொஞ்ச நாளில் ஒரு கல்லூரி மேடையில் அதற்காக அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். இரண்டு ஆசிரியர் ஒரே நேரம் கேட்டால் இது என்ன செய்யும் என்று ஒரு மாணவி எழுந்து கேட்டாள். சார் தடுமாறினார். ஓரத்திலிருந்து நான் பதில் சொல்லிவிட்டேன். சார் மைக்கில் சிரித்தார்.

"இவன் நம்ம சென்டர்ல டீ வாங்கிக்கினு வர்றவன்ங்க. ஒன்பதாவது தாண்டல. பக்கத்துல நின்னுக்கினு எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணி வச்சிக்கிறான்."

அரங்கமே சிரித்தது. மறுநாள் அவரிடம் கேட்டேன்.

"சார், அதுல எம் பேரு ஒரு ஓரமா..."

"உம் பேரப் போட்டா எந்த ஸ்கூல்காரன்டா அத நம்புவான்? போடா, போயி பேட்டரிக்கு தண்ணி ஊத்து."

ஊத்தினேன். ஊத்தி முடித்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

திருப்பூரில் சாயப்பட்டறை, ஓசூரில் ஒரு குடோன், பிறகு கொஞ்ச நாள் ஒன்றுமில்லை. எங்கே படுத்தாலும் அந்தச் சிரிப்பு கேட்டது. ஒரு பழைய லேப்டாப் கிடைத்ததும், அந்த மொழியின் கம்பைலரைப் பராமரிக்கிற குழுவில் சேர்ந்தேன். நாம் எழுதுவதை மிஷினுக்குப் புரியும்படி மாற்றித் தருவதுதான் கம்பைலர். அதை முதலில் எழுதியவர்களுக்குப் பெயர் கிடைத்தது. பராமரிக்கிறவர்களுக்குப் புகார் கிடைத்தது. அதனால் அந்த வேலைக்கு ஆள் எப்போதும் குறைவு, ஒன்பதாவதா பத்தாவதா என்று யாரும் கேட்கவில்லை. நான் ஏன் சேர்ந்தேன் என்பதை ஒளிக்க மாட்டேன். சாரின் புரோகிராம் அந்தக் கம்பைலரின் மேல்தான் நின்றது. அவர் நிற்கிற தரையைப் பெருக்குகிற வேலைக்கு நான் போனேன்.

அப்போது மலைமேல் கரியாலூரில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தேன். அருவி பார்க்க வருகிறவர்கள் காலி செய்த அறைகளைக் கழுவ வேண்டும், மோட்டார் போட வேண்டும். அதற்குப் பதில் பின்பக்க அறையும் சாப்பாடும். சிக்னல் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மட்டும்தான் கிடைக்கும். காலை பத்து மணிக்கு மேல் அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். சமையல்காரர் சின்னசேலம் பக்கத்துக்காரர், என்னைக் கேலி செய்யாமல் அவருக்கு ஒரு நாள் போகாது.

"இன்னாய்யா, இன்னிக்காவது அந்த மிஷினு பேசுச்சா?"

"தப்புன்னு சொல்லுச்சுண்ணே."

"அத எம் பொண்டாட்டியே சொல்றா. அதுக்கு இன்னாத்துக்கு தொட்டிக்குப் பின்னால போயி குந்திக்கினு கீற?"

புகார்ப் பட்டியலில் வருஷக்கணக்காக ஒரு புகார் கிடந்தது. புரோகிராமில் மதிப்புகளைப் போட்டு வைக்கப் பெட்டிகள் உண்டு. எதுவும் போடாத பெட்டியை ஒருவர் திறந்து பார்த்தால், கம்பைலர் அதைத் தப்பு என்று சொல்ல வேண்டும். எங்கள் கம்பைலர் சொல்லவில்லை. பூஜ்யம் இருப்பதாக வைத்துக்கொண்டு பேசாமல் மேலே போய்விடும். சரிசெய்தால் இதை நம்பி ஓடுகிற பழைய புரோகிராம்கள் நின்றுபோகும் என்று யாரும் தொடவில்லை. சாரின் புரோகிராமும் நிற்கும் என்று எனக்குத் தெரியும். விவரம் தெரியாத காலத்தில் அதில் பெட்டியை நிரப்பாமல் விட்டவன் நான்தானே.

அந்தப் புகாரை எடுத்துக்கொண்டேன். குழுவை நடத்தியவர் கடலூரில் வேலை பார்த்த ஒரு அக்கா. நேரில் பார்த்ததில்லை, போனில்தான் பேச்சு. அவருக்கு ஒரே மகிழ்ச்சி.

"யாரும் தொடாத வேல தம்பி. நீ எடுத்துக்கினியா? நல்லாரு."

இரண்டு மாதம் பிடித்தது. புரோகிராம் எந்தெந்த வழியாகப் போகக்கூடும் என்று கம்பைலர் முன்கூட்டியே நடந்து பார்க்க வேண்டும். ஒரு வழியிலாவது பெட்டி காலியாக இருந்தால் நிறுத்த வேண்டும். நிறுத்தும்போது திரையில் வர வேண்டிய வாசகத்தையும் நானே எழுதினேன். 'வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு மேடை ஏறாதே' என்பது முதல் வாசகம். அக்கா அதை அடித்துவிட்டு, "படிக்கிறவன் ஆறாவது புள்ளையா இருக்கும், அவன இன்னாத்துக்கு வையிற?" என்று எழுதியிருந்தார். கடைசியில், 'இந்தப் பெட்டியில் இன்னும் எதுவும் போடவில்லை' என்று வைத்தோம்.

எங்கள் குழுவில் ஒரு விதி உண்டு. கம்பைலரில் ஒரு மாற்றம் செய்தால், இணையத்தில் பொதுவில் இருக்கிற எல்லாப் புரோகிராம்களையும் அதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். எது உடைகிறதோ அதற்கான திருத்தத்தை, உடைத்தவனே எழுதி அதன் சொந்தக்காரருக்குப் பொதுவில் அனுப்ப வேண்டும். அதுவரை மாற்றம் உள்ளே சேராது. ஓட்டினேன். ஒன்பது உடைந்தன. நான்காவது சாருடையது. தொட்டிக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். நல்ல சிரிப்பு, நாலு வருஷத்துச் சிரிப்பு.

எட்டுப் பேருக்குத் திருத்தம் அனுப்பினேன். அக்கா கூப்பிட்டார்.

"எட்டுதான் போயிருக்குது. நாலாவது இன்னா ஆச்சு?"

"அந்தாளுக்கு நான் அனுப்ப மாட்டேன்க்கா. நின்னு போவட்டும்."

"அப்ப உன் மாத்தமும் உள்ள வராது."

"அது என் புரோகிராமுக்கா. நான் எழுதுனது. அவர் பேருல போட்டுக்கினாரு."

அவர் சாதாரணமாகக் கேட்டார்.

"நீ எழுதுனதுன்னா, தப்பும் உன்னுதுதான? உன் தப்ப நீ சரி பண்ண மாட்டியா?"

கோபத்தில் போனை வைத்துவிட்டேன். நாற்காலியை விட்டு எழுந்து மரவள்ளித் தோட்டத்து ஓரமாக நடந்தேன். பாதி தூரத்தில் நின்றேன். இத்தனை வருஷமும், அதை எழுதியது நான் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன், யாரும் நம்பவில்லை. அதில் இருக்கிற தப்பு என்னுடையது என்று ஒருநாளும் சொன்னதில்லை. பெருமையைத்தான் திருடுவார்கள். தப்பைத் திருட எவன் வருவான்? வந்தால் மாட்டுவான்.

திரும்பி வந்து திருத்தத்தை எழுதினேன். சாரின் புரோகிராம் இருந்த இணையப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி அனுப்பினேன். கூடவே இரண்டு வரி: 'உங்கள் சென்டரில் வேலை செய்தபோது இந்தப் புரோகிராமை எழுதுகையில் ஒரு பெட்டியை நிரப்பாமல் விட்டுவிட்டேன். அந்தப் பிழை என்னுடையது. சரிசெய்திருக்கிறேன்.' ஏன் நிரப்பாமல் விட்டேன் என்பதை வேண்டுமென்றே எழுதவில்லை.

அன்று மாலையே சாரின் பதில் வந்தது. 'இந்த நபர் எங்கள் சென்டரில் எடுபிடியாக இருந்தவர். அந்தப் புரோகிராமை எழுதியது நான். பிழையும் என்னுடையதே. நானே திருத்திக்கொள்கிறேன்.'

மூன்று முறை படித்தேன். பிறகு நிதானமாக டைப் அடித்தேன். 'மகிழ்ச்சி சார். அப்படியானால் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். அட்டவணையில் சில ஆசிரியர்களுக்கு நேராகப் பூஜ்யம் அச்சாகிறதே, அதற்கு என்ன அர்த்தம்?'

அவர் யோசித்திருப்பார். மறுநாள் எழுதினார்: 'பூஜ்யம் என்றால் அந்த ஆசிரியருக்கு அப்போது வகுப்பு இல்லை, ஓய்வு நேரம்.'

தப்பு. ஓய்வு நேரத்துக்கு அச்சாவது சின்னக் கோடு. நாளின் முதல் பீரியடுக்கு ஒன்று, இரண்டாவதற்கு இரண்டு என்று எண் கொடுத்தபோது, அதற்கும் முன்னால் நடக்கிற காலைப் பிரேயருக்குப் பூஜ்யம் கொடுத்திருந்தேன். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வருகிற ஓவிய ஆசிரியரை எப்படிப் போடுவது என்று தெரியாமல் அவர் வராத நாட்களின் பெட்டிகளை அப்படியே விட்டேன். கம்பைலர் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டது. ஆக, அவர் வராத நாளிலெல்லாம் காலையிலிருந்து மாலை வரை பிரேயரில் நிற்பதாகத் தாளில் வரும். தலைமையாசிரியர் அதைப் பார்த்துக் கவுன்டரிலேயே விழுந்து விழுந்து சிரித்தார். அப்போது சார் சாப்பிடப் போயிருந்தார்.

சாரின் பதில் வந்ததும், அந்தப் பக்கத்தின் இணைப்பைத் தலைமையாசிரியருக்கு அனுப்பினேன். அவர் எண் என்னிடம் இருந்தது. ஒரு வார்த்தையும் கூடச் சேர்க்கவில்லை. அடுத்த நாள் அவரே அங்கே எழுதினார்.

'ஐயா, பூஜ்யம் என்றால் பிரேயர். எங்கள் ஓவிய ஆசிரியர் இத்தனை வருஷமாகப் பிரேயரிலேயே நிற்கிறார். பேனாவால் அடித்துக்கொள்ளுங்கள், பிறகு சரிசெய்கிறேன் என்று அன்று சொன்னது கவுன்டரில் இருந்த தம்பிதான். தம்பி, இப்போதாவது சரிசெய்தாயே.'

கீழே யார் யாரோ சிரிக்கிற முகங்களைப் போட்டார்கள். சாரின் மாணவர்கள் சிலரும் போட்டிருந்தார்கள். ஒரு மணி நேரத்தில் சாரிடமிருந்து போன் வந்தது.

"டேய், உனக்கு இன்னாடா வேணும்?"

"ஒன்னும் வேணாம் சார். நான் அனுப்பிச்ச திருத்தத்த ஏத்துக்குங்க, போதும்."

"பசங்க எல்லாம் அத படிச்சிக்கினு கீறானுங்கடா."

"படிக்கட்டும் சார். படிக்கிறதுக்குத்தான சென்டரு வச்சிக்கிறீங்க."

"உனக்கு சோறு போட்டவன்டா நானு."

"அதையும் அங்கியே எழுதிடுங்க சார். நான் இல்லன்னு சொல்ல மாட்டேன்."

வைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து, 'ஏற்கப்பட்டது' என்ற ஒரே சொல் அங்கே விழுந்தது. நான் எழுதிய இரண்டு வரியோடு சேர்த்துத்தான் ஏற்க முடியும், அந்தப் பொத்தான் அப்படி. புரோகிராமை உருவாக்கியவர்கள் என்ற இடத்தில் அவர் பெயருக்குக் கீழே என் பெயர் தானாக வந்து நின்றது.

அக்கா எல்லாவற்றையும் படித்திருந்தார்.

"மாத்தம் உள்ள வந்துடுச்சு. வேல சுத்தமா கீது. ஆனா நீ அத எடுத்த காரணம் சுத்தமில்ல தம்பி. இனிமே ஆறு மாசத்துக்கு நீயா ஒரு புகாரும் எடுக்கக் கூடாது. நான் குடுக்கறதத்தான் செய்யணும்."

"சரிக்கா."

"வருத்தமா கீதா?"

"இல்லக்கா."

உண்மையில் இல்லை. இப்போதும் இல்லை. தேதிகளைக் கையாளும் பகுதிக்குச் சோதனை எழுதச் சொன்னார், உப்புச்சப்பில்லாத வேலை. அதைச் செய்துகொண்டிருந்த ஒரு புதன்கிழமை லாட்ஜில் லீவு சொல்லிவிட்டு, கச்சிராயபாளையம் வழியாகப் போகிற பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்கு இறங்கினேன். சென்டரில் பெயர்ப்பலகை புதிதாக இருந்தது. 'மாவட்டத்தின் முதல்' என்று சேர்த்திருந்தார்கள். கவுன்டரில் ஒரு பெண் இருந்தார், என்னைத் தெரியாது.

போனில் இருந்த அந்தப் பக்கத்தை அனுப்பி, பிரின்ட் கேட்டேன். தாள் வெளியே வந்ததும் அவர் மேலோட்டமாகப் பார்த்தார். பிறகு முதலிலிருந்து படித்தார்.

"இது நம்ம சாரோட புரோகிராம்ங்க."

"கீழ இன்னொரு பேரு கீது பாருங்க."

"அது நீங்களா?"

"நான்தாங்க."

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் சார் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துவிட்டார். எழுந்து வரவில்லை, மானிட்டரின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சார கூப்புடட்டுங்களா?" என்றார் அந்தப் பெண்.

"வேணாங்க, வேலையா கீறாரு. இன்னொரு காப்பி போடுங்க, அது அவருக்கு."

போட்டுக்கொடுத்தார். ஒன்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மற்றதைக் கவுன்டரில், எழுத்து சாரின் பக்கம் பார்க்கும்படி வைத்தேன். மின்விசிறிக் காற்றில் அது பறக்கப் பார்த்தது. அங்கிருந்த ஸ்டேப்ளரை எடுத்து அதன்மேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.