இறங்காத முள்

மரக்காணம் உப்பளத்தில் மின்கம்பி தாழத் தொங்குகிறதென்று மேஸ்திரி போன் செய்தார். துணைமின் நிலையத்தில் அந்த லைனின் பிரேக்கரை அணைத்தேன். அணைந்ததைக் காட்டும் பச்சை விளக்கு எரிந்தது.

"சார், லைன் ஆஃப் ஆயிடுச்சா? பாத்தியில எறங்கலாமா?" என்று மேஸ்திரி போனிலேயே கேட்டார்.

பச்சை விளக்கை நம்பி ஆளை இறக்கும் மடத்தனம் எனக்குக் கிடையாது. பிரேக்கரின் குடுவைகளுக்குள் செம்பு முனைகள் விலகியதை மட்டுமே அது சொல்லும். உள்ளே காற்றில்லாததால்தான், விலகும்போது எழும் தீப்பொறி அணைகிறது. காற்று கசிந்துவிட்டால் பொறி அணையாது; அதன் வழியே மின்சாரம் ஓடும்.

அந்த லைனில் ஓடும் மின்சாரத்தைக் காட்டும் மீட்டரின் முள் இறங்கவில்லை. பிரேக்கர் பெட்டிக்குள் உர்ரென்று சத்தம்.

"யாரும் எறங்காதீங்க!" என்று கத்திக்கொண்டே மெயின் பிரேக்கரை அணைத்தேன். முள் விழுந்தது. ஊரே மின்சாரமின்றி நின்றது.

பேட்டரியில் எரியும் அந்தப் பச்சை விளக்கு மட்டும், எதுவுமே நடக்காததுபோல எரிந்துகொண்டிருந்தது.