மூதூர் லோஞ்சில் ஏறாத பெட்டி

பார்சல் கவுண்டரில் இருந்தவனுக்குத் தெரியும்: போய்ச் சேர்ந்த பார்சலுக்கு நன்றி சொல்ல ஒருவரும் வருவதில்லை, போய்ச் சேராததற்கு விற்றவரும் வருவார், வாங்கியவரும் வருவார். நீங்களும் எப்போதாவது ஒரு பார்சலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பீர்கள். அப்போது நீங்கள் திட்டிய ஆள் என்னைப் போன்ற ஒருவன்தான். சண்டைக் காலத்தில், திருகோணமலை இறங்குதுறையில், மூதூர் போகும் லோஞ்சுப் படகுக்குப் பார்சல் வாங்கும் கதிரையில் பல வருஷம் இருந்தேன்.

வீட்டில் தைத்த பொதி

எங்கள் இடத்தில் ஒரு வழக்கம். பார்சலைத் தைக்காமல் கொண்டுவர வேண்டும். சிப்பாய் திறந்து பார்த்த பிறகு, அனுப்புகிறவரே நின்று தைத்துப் பெயர் எழுத வேண்டும். சிவபாதம் ஐயாவுக்கு அது தெரியாது. சீனன்குடாவில் இருந்த ஓய்வுபெற்ற கிளாக்கர். பத்திரிகையில் விளம்பரம் போட்டுத் தன் தமிழ் டைப்ரைட்டரை விற்றிருந்தார். வாங்கியவர் மூதூருக்கு அப்பால் தோப்பூரில் மனு எழுதிக் கொடுக்கும் காசிம் காக்கா. இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. கடிதத்திலேயே பேசி முடித்த வியாபாரம். ஐயா டைப்ரைட்டர்ப் பெட்டியை வெள்ளைச் சீலைத் துணியில் பொதிந்து, நெருக்கமாகத் தைத்து, முகவரியையும் அதிலேயே மையால் எழுதிக் கொண்டுவந்தார்.

நான் தையலை வெட்டினேன். சிப்பாய் பார்த்துத் தலையாட்டினான். "நிண்டு திரும்பத் தைச்சுப்போட்டுப் போங்கோ ஐயா" என்றேன். சீனன்குடாப் பாதையை மூடப்போகிறார்கள் என்று யாரோ சொல்ல, அவர் குடையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். "நான் கொண்டுவந்து தந்திட்டன் தம்பி. இனி அது உங்கட பாடு."

பட்டியலில் இல்லாத சாமான்

நான் தைத்திருக்க வேண்டும். வரிசை நீண்டிருந்தது. சீலையை மேசைக்குக் கீழே போட்டுவிட்டு, பிறகு பார்க்கலாம் என்று விட்டேன். லோஞ்சு போன பிறகு பார்த்தால் சீலை இருக்கிறது, பெட்டி இல்லை. ஏற்றுப் பட்டியலிலும் இல்லை. யாருக்கும் சொல்லாமல் சீலையை மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்போது மனைவி இருந்தாள். முகவரியை வாசித்தாள். காலையில் என் சாப்பாட்டுப் பைக்குள் அதை மேலாக வைத்துத் தந்தாள்.

பெட்டி வராததைக் கண்டு முதல் லோஞ்சிலேயே காசிம் காக்கா வந்து இறங்கி, ஆள் அனுப்பி ஐயாவையும் கூப்பிட்டார். சிப்பாய்கள் பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளைப் பற்றி மூன்று தாய்மார் மனுக் கொடுக்க வேண்டும். கையால் எழுதினால் அரசாங்கக் கந்தோரில் வாங்கமாட்டார்கள். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

"தந்ததோட என்ர பொறுப்பு முடிஞ்சுது" என்றார் ஐயா.

"என்ட கைக்கு வரல்லயே! வார மட்டும் அது உங்கட சாமான்" என்றார் காக்கா.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் பட்டியலைப் பார்த்தேன். பக்கத்துக் கதிரைச் செல்வராசா குனிந்து என் காதுக்குள் சொன்னான்: "பட்டியலில இல்லாததுக்கு நாங்கள் பொறுப்பில்ல அண்ணை. வாயைத் திறவாதேங்கோ."

படங்குக்குக் கீழே

அந்த நேரம் விசில் ஊதியது. முதல்நாள் மழைக்குக் கயிறுகளை மூடியிருந்த தார்ப்பாய்ப் படங்கை ஒரு சிப்பாய் தூக்கியிருந்தான். கீழே ஒரு பெட்டி. பெயரில்லாததை ஏற்ற ஏலாதென்று லோஞ்சுக்காரர் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதை நேற்றுச் சோதித்த சிப்பாயும் காவல் மாறிப் போயிருந்தான். குண்டாக இருக்கலாம் என்று எல்லாரையும் வீதிவரை தள்ளினார்கள். கோப்ரல் தனக்குத் தெரிந்த தமிழில் கத்தினான்: "யார் பெட்டி? சொல்லு! இல்லாட்டி வெடி வைக்கும்!"

சற்றுமுன் சத்தம் போட்ட இருவரும் கடலைப் பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். அந்த நாட்களில் "என்ர பெட்டி" என்று சொன்னவர்கள் எல்லாரும் வீடு திரும்பவில்லை. நான் கையோடு எடுத்துவந்த சாப்பாட்டுப் பையிலிருந்து சீலையை எடுத்து உயர்த்திப் பிடித்தேன். "என்ர பிழை. பெயர் இதில இருக்கு."

"நீ போய்த் திற."

நடந்தேன். நேற்று நானே பார்த்த பெட்டிதான்; ஆனால் அதற்குப் பிறகு அது யார் கையில் இருந்ததென்று எனக்குத் தெரியாது. கொக்கியை நீக்கித் திறந்தேன். உள்ளே எழுத்துகள் வரிசையாக இருந்தன. "தட்டு" என்றான் கோப்ரல், தூரத்தில் நின்றபடியே. ஒரு எழுத்தைத் தட்டினேன். மூச்சு விட்டது நான் மட்டுமல்ல.

மத்தியானம்வரை விசாரித்துவிட்டு என்னையும் பெட்டியையும் விட்டார்கள். ஐயா போய்விட்டிருந்தார். காக்கா மட்டும் வெயிலில் நின்றார். நான் ஊசியை எடுத்தேன். அவர் பெட்டியின்மேல் கையை வைத்தார். "தைக்க வேணா தம்பி. வெள்ளிக்கு இன்னும் ரெண்டு நாள் இரிக்கு. இத நான் மடியில வெச்சே கொண்டுபோறன்."

தொலைந்த பார்சலுக்கு யார் பொறுப்பு என்று இன்றைக்கும் என்னிடம் கேட்கிறார்கள். "யார் பெட்டி?" என்று கத்தும்போது வாயைத் திறக்கிறவன்தான், மற்ற எல்லாரும் விற்றவர்களும் வாங்கியவர்களும்தான் என்கிறேன்.