ஃபேனுக்கு ஒரு பஞ்சாயத்து

சித்திரை வெயிலில் ஒருத்தி போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? இருங்காட்டுக்கோட்டையில் எங்கள் வரிசையில் குடியிருந்த எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள். அப்பா அம்மாவை வெளியே தள்ளிவிட்டார்.

அப்பா பாவம், உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடித்து வருபவருக்கு, அந்த ஷீட் கூரைக்கு அடியில் ஃபேனை ஐந்தில் வைத்தால்தான் கண் மூடும். அம்மாவுக்கோ அந்தக் காற்று பட்டாலே நடுக்கம். அவளும் கம்பெனிக்குப் போனவள்தான். அசெம்பிளி லைனில் கை முன்போல ஓடவில்லை என்று வேலையை விட்டு நின்றுவிட்டாள். பிறகு உடம்பு போட்டது, முடி கொட்டியது, உட்கார்ந்த இடத்தில் தூங்கி வழிந்தாள். வீட்டில் சும்மா இருந்தால் அப்படித்தான் என்றார்கள். எனக்கு ஒன்பது வயது, பள்ளி விடுமுறை. உள்ளே போனால் சத்தம் போடக் கூடாது, வெளியே வந்தால் அம்மா பேசமாட்டாள். நானே சொப்பில் சமைத்து நானே சாப்பிட்டேன். அத்தனை பேர் இருந்த அந்த வரிசையில் எங்கள் இருவரைப் போலத் தனியாக யாரும் இருந்திருக்கமாட்டார்கள்.

யாரோ போன் போட்டுச் சொல்லி, வடக்குப்பட்டிலிருந்து மாமா வந்து இறங்கினார். அம்மாவின் அண்ணன். சண்டை தீர்த்துவைப்பதென்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

"இன்னாம்மா, அடிச்சாரா?"

"இல்லண்ணா. குளிருது."

மாமா கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். பக்கத்து வீட்டு அக்காவும் சிரித்தாள். கொஞ்சம் பொறுத்து அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். சத்தம் கேட்டு அப்பா எழுந்து வந்தார்.

"மேல ஷீட்டு கொதிக்குது மச்சான். தூங்காம போயி மிஷின்ல கைய வுட்டுக்கவா?"

அதுவும் நியாயம்தான். கடைசியில் மாமா தீர்ப்புச் சொன்னார். ஃபேன் மூன்றில் ஓடட்டும்.

மாமா ஷேர் ஆட்டோ ஏறியதும் ஃபேன் நாலுக்குப் போனது, அந்த வாரமே ஐந்துக்கு வந்துவிட்டது. அம்மா இப்போது வாசலுக்குப் போகவில்லை, மூலையில் சுருண்டு படுத்துக்கொண்டாள். வீட்டில் சண்டை ஓய்ந்ததில் எனக்கு ஒரே சந்தோஷம்.

மறு வருடம், முகமும் காலும் வீங்கிக்கொண்டதென்று ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டாக்டரம்மாவிடம் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அவர் அம்மாவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ரொம்பக் குளிருமா?" என்று கேட்டார்.

நான் முந்திக்கொண்டேன். "இல்ல டாக்டர். அதெல்லாம் எங்க மாமா வந்து பேசி சரி பண்ணிட்டாரு."

டாக்டர் என் பக்கம் திரும்பவேயில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா, குளிருது" என்றாள் அம்மா.

தைராய்டு குறைவாக இருக்கும் போலிருக்கிறது, குளிரும் வீக்கமும் அதனால்தான் இருக்கும், ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். அம்மா அழ ஆரம்பித்தாள். ஊசிக்குத்தான் பயப்படுகிறாள் என்று நினைத்து, வலிக்காதும்மா என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கை சில்லென்று இருந்தது. அதையும் பயம் என்றுதான் நினைத்தேன்.