அகதிச் சிவாவின் முழுப்பேர்

கடகடவென்று ஐஸ் அரைக்கிற மெஷின் சத்தம் கேட்டால் திருகோணமலைத் துறைமுகப் பக்கம் எங்கள் வேலை தொடங்கிவிட்டது. அந்தச் சத்தத்துக்கு மேலால் கத்திக் கூப்பிட வேண்டியிருப்பதால் ஐஸ் கொம்பனியில் யாருக்கும் சொந்தப் பேர் நிலைப்பதில்லை. இதை வாசிக்கிற இரா வேலைக்காரரே, உங்கள் இடத்தில் உங்களுக்கும் ஒரு பட்டப்பேர் வைத்திருப்பார்கள். எங்கள் இடத்தில் மூன்று சிவா: லொறிச் சிவா, கட்டைச் சிவா, அகதிச் சிவா. மூன்றாவது ஆள் நான். முகாமிலிருந்து வேலைக்கு வந்தவன் என்பதால் வைத்த பேர். வேலைப் பலகையிலும் சோக்குக் கட்டியால் அப்படியேதான் எழுதுவார்கள்.

அரிசி

எனக்குப் பன்னிரண்டு வயது. சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடி, நிலாவெளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்தோம். நிவாரணத்துக்குப் பேர் பதிய வந்த விதானையாரிடம் அம்மா, "நாங்கள் அகதியில்லை ஐயா, மாடு கண்டு உள்ள ஆக்கள்" என்றா. அவர் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்:

"ஓமெண்டு சொல்லுங்கோ அம்மா. இண்டைக்கு அந்தச் சொல்லுக்குத்தான் அரிசி."

கதிரை

பதினெட்டு வயதில் டவுணில் ஒரு கடைக்கு வேலை கேட்டுப் போனேன். அதற்குள் நூலகத்து அகராதியில் அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்திருந்தேன். புகலிடம் இல்லாதவன் என்றுதான் போட்டிருந்தது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? முதலாளி விலாசம் கேட்டார். முகாமின் பேரைச் சொல்லிவிட்டு, முன்னாலிருந்த கதிரையில் உட்கார்ந்தேன். நான் தின்ற நிவாரண அரிசியில் ஒரு மணிகூட அந்த மனிசன் தந்ததில்லை. ஆனாலும் கடைக்காரப் பெடியனைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"அகதிக்கு என்னத்துக்குக் கதிரை? எழும்பச் சொல்லு."

கொத்து ரொட்டி

இப்போது அது பகிடியாகிவிட்டது. ரெண்டாவது கொத்து ரொட்டிப் பார்சலை அவிழ்க்கிறவன் அகதி. இரவல் சேர்ட் போட்டவன் அகதி. போன கிழமை ஐஸ் ஏற்றுகிற பாரிஸ் என்ற பெடியனை மற்றவர்கள் அப்படிக் கூப்பிட, அவனும் சேர்ந்து சிரித்தான். எனக்கு விசர் வந்தது. "அந்தச் சொல்லின்ர பாரம் தெரியுமோடா உனக்கு?" என்று கத்தினேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"தெரியும் அண்ணன். மூதூர்லருந்து ஓடிக் கந்தளாய் முகாம்ல கெடக்கக்குள்ள எனக்கு எட்டு வயசு. அந்தச் சொல்லுக்கு அழுது முடிச்சிட்டன், இனிச் சிரிக்க உடுங்க."

பலகை

பாரிஸுக்கு ஆறியிருக்கலாம். எனக்கு ஆறவில்லை. நேற்றுப் பின்னேரம் சாப்பாடு கொண்டுவந்த என் மகள், பலகையை வாசித்துவிட்டு, "இதில நீங்கள் எந்தச் சிவா, அப்பா?" என்று கேட்டாள். "லொறிச் சிவா" என்றேன். எனக்கு லொறி ஓட்டவே தெரியாது! பெற்ற பிள்ளைக்கு என் பேரையே பொய் சொல்ல வைத்துவிட்டார்களே.

அவள் போனதும் பலகையில் அகதிச் சிவாவை அழித்து, சிவஞானசுந்தரம் என்று நானே எழுதினேன். அது மற்ற ரெண்டு சிவாவின் இடத்தையும் பிடித்துக்கொண்டது. சுப்பவைசர் வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இவ்வளவு நீட்டுப் பேரை வைச்சுக்கொண்டோ இத்தினை வருஷம் அகதியாய் இருந்தனீ?"

அரிசி தந்து, கதிரையைப் பறித்து, இப்போது பகிடியாகத் திரிகிற அந்தச் சொல் இனி எங்கே வேண்டுமானாலும் போகட்டும், என் மகள் வாசிக்கிற பலகைக்கு மட்டும் வரக்கூடாது என்று நினைத்துக்கொண்டு, கொக்கியை எடுத்து அடுத்த ஐஸ் கட்டியை மெஷினுக்கு இழுத்தேன்.