பதினொன்றாம் நம்பர் பனியன்

கால்பந்தில் விங்கர் என்பவன் எல்லைக்கோட்டை ஒட்டி ஓடுபவன். கோட்டுக்கு அந்தப் பக்கம் கூட்டம் நிற்கும். அதனால் மைதானத்தில் எல்லோரையும்விட அதிகம் வசவு வாங்குவதும் அவன்தான். பல வருடம் அதுதான் என் பிழைப்பு. செவன்ஸ் என்கிற எழுவர் ஆட்டம். கூடலூரிலிருந்து மலையேறி, குமுளிக்கு அந்தப் பக்கம் எங்கே போட்டி வைத்தாலும் போவோம். கூட்டம் என்னை ‘ஏலே நொண்டி’ என்றுதான் கூப்பிடும், முட்டி நன்றாக இருந்த காலத்திலேயே. இப்போது ஜீப் ஸ்டாண்டில் உட்கார்ந்து குமுளிக்கு ஆள் ஏற்றுகிறேன். இப்போது நொண்டுவதும் உண்மை.

எங்கள் அணியை நடத்திய முதலாளி போடியில் ஏலக்காய் வியாபாரி. காயை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தே தரம் சொல்லிவிடுவார். எங்களையும் அப்படித்தான் பார்த்தார்.

நான் கடைசியாக ஆடியது ஓர் இறுதிப் போட்டி. இடைவேளையில் ஆட்டம் சமன். என்னைத் தடுக்க நின்ற குமுளிக்காரன் ஏற்கெனவே ஒரு மஞ்சள் அட்டை வாங்கியிருந்தான். இன்னொன்று வாங்கினால் வெளியே போக வேண்டியதுதான். முதலாளி என்னைத் தனியாக அழைத்தார்.

“இங்கன கோட்டோரமா பந்த வச்சுக்கிட்டு நில்லு. யாருக்கும் குடுக்காத. அவன் ஒன்ன அடிக்கட்டும்.”

“காலு போயிட்டா, மொதலாளி?”

“போனா வைத்தியம் பாப்போம்ல. அடுத்த வருசமும் நீதான்லே பதினொன்னு.”

எனக்கு முப்பது தாண்டியிருந்தது. அடுத்த வருடம் என்று யாரும் என்னிடம் பேசாத வயது. அந்த வார்த்தைக்காகத்தான் நின்றேன்.

அவன் வந்தான். முட்டிக்குள் ஏதோ அறுந்த சத்தம் எனக்கே கேட்டது. கூட்டம் “நடிக்கிறான்டா” என்றது. ஒருவன் கடலைத்தோலை என் முகத்தில் எறிந்தான். குமுளிக்காரனுக்குச் சிவப்பு அட்டை. எதிரணியில் ஆறு பேர்தான் மிச்சம். ஜெயித்தோம்.

என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நின்ற ஜீப்தான் ஊர்வலத்துக்கும். பின்சீட்டில் நான், பானெட்டில் கோப்பை. “ஒரு சுத்து மட்டும் சுத்திட்டுப் போயிரலாம்” என்றார் முதலாளி. மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கி மைதானத்தைச் சுற்றினார்கள். நான் கத்தியதையும் கொண்டாட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஒரு சுற்றுக்காக அந்த ஆளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற எண்ணமும் இல்லை.

தேனி ஆஸ்பத்திரிக்கு முதலில் பார்க்க வந்தது, என்னை அடித்த அந்தக் குமுளிக்காரன்தான். கையில் ஒரு பை திராட்சை.

“அவன் கால ஒடச்சு வெளிய அனுப்புன்னு எங்க மேனேஜர் சொன்னாரு, சேட்டா. நீங்க ஏன் ஓடாம நின்னீங்க?” என்று அழுதான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடிக்கச் சொன்னவனும் அடி வாங்கச் சொன்னவனும் ஒரே யோசனைக்காரர்கள்.

அப்போது முதலாளி வந்தார். அவரைப் பார்த்ததும் வெட்கமில்லாமல் எழுந்து உட்காரப் பார்த்தேன்.

“காலு எப்டி இருக்கு?” என்றார், வாசலில் நின்றபடியே. டாக்டர் சொன்னதை நான் சொல்ல ஆரம்பிப்பதற்குள் கட்டிலருகே நின்றவனைக் கவனித்துவிட்டார். கிட்டே போய்த் தோளைப் பிடித்துப் பார்த்தார். தொடையைத் தட்டினார்.

“நல்ல ஒடம்பு. அடுத்த வருசம் நம்ம பக்கம் வாரியா? பதினொன்னு காலியாத்தான் கெடக்கு.”

முதலாளி என் பக்கம் திரும்பினார்.

“ஏலே, பனியன் எங்கன?”

பனியன் கட்டிலுக்கு அடியில் சேறு காய்ந்து கிடந்தது. அவரே குனிந்து எடுத்து உதறினார். மண் என் போர்வையில் விழுந்தது.

“போட்டுப் பாரு.”

குமுளிக்காரன் ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தான். பிறகு போட்டுக்கொண்டான். அளவு சரியாக இருந்தது.