எல்ம்கோட் நிலையத்தில் பதினொரு பேர்

எங்கள் வீட்டில் தேநீர் வடித்த பிறகு சாயத்தூளை வீசுவதில்லை. பேக்கிங் தட்டில் பரப்பி, சமையலறை ஜன்னலோரம் காயவைத்து, ஜாம் போத்தல்களில் அடைத்து வைக்கிறேன். வெயில் எட்டிப் பார்க்கிற நாட்களில் தட்டைத் தோட்டத்துக்கே கொண்டுபோவேன். அப்படி ஒரு நாள் பக்கத்து வீட்டு ஷீலா வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, இது உங்கள் சமயத்தோடு தொடர்புள்ளதா என்று மிகப் பக்குவமாகக் கேட்டார். இல்லை, இது இங்கிலாந்துக் கிராமம் ஒன்றுக்குப் போடுகிற மண் என்றேன். "ஹவ் லவ்லி" என்று சொல்லிவிட்டு, வழக்கத்தை விட ஒரு பங்கு கூடுதலாகச் சிரித்தார். இந்த நாட்டில் அந்த ஒரு பங்கு கூடுதல் சிரிப்பு வந்தால், நமக்கு எங்கோ கழன்றுவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். கிங்ஸ்பரியில் இத்தனை வருடம் இருந்து படித்த பாடங்களில் இதுவும் ஒன்று.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சாயத்தூள் வித்தையை எனக்குச் சொல்லித் தந்தவரே அசல் வெள்ளைக்காரர்தான். நான் வீட்டிலிருந்து கேக் செய்து விற்பவள். கலியாணம், பிறந்தநாள், பெண்பிள்ளை பெரியவளானால் சாமத்திய வீடு என்று லண்டனில் நம்மவர்களின் கொண்டாட்டம் எதுவும் கேக் வெட்டாமல் முடிவதில்லை. ஒரு சாமத்திய வீட்டுக்கு ஐந்து தட்டுக் கேக் ஒன்றைத் தேவாலய மண்டபத்தில் இறக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்து அறையிலிருந்து கீத் வந்தார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், மெலிந்து நெடுத்த மனிதர். சீனியில் செய்த மல்லிகை மொட்டுகளைக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகு நேரம் பார்த்தார். அழகாக இருக்கிறது என்று சொல்லவில்லை. என்ன பசை என்று கேட்டார். முட்டை வெள்ளைக்கரு என்றேன். "உங்களுக்குப் பற்றைவேலி செய்ய வருமா?" என்றார். அந்தப் பக்கத்து அறை சிறு ரயில் செய்பவர்களின் கிளப். அங்கே மேசை மேல் ஒரு மலையும் ஆறும் பாலமும் இருந்தன, பாலத்தின் மேல் என் விரலளவு உயரத்தில் ஒரு ரயில் போய்க்கொண்டிருந்தது. வண்டியில் மிச்சத் தட்டுகள் வெயிலில் உருகிக்கொண்டிருக்கின்றன என்பதை மறந்து நின்றுவிட்டேன்.

முதலில் அவர்களுக்கு வேலி செய்து கொடுத்தேன், பிறகு மரங்கள், பிறகு ஓடு வேய்ந்த கூரைகள். இரண்டாவது வருடம் எனக்கென்று ஒரு நிலையத்தைத் தொடங்கினேன். டெவன் பக்கத்து ஒற்றைப் பாதையில், நீராவி வண்டிகள் ஓடிய காலத்து நாட்டுப்புற நிலையம். வரைபடத்தில் தேடினால் கிடைக்காது, எல்ம்கோட் என்று நானே பெயர் வைத்தேன். எங்கள் சாப்பாட்டு மேசை நீளத்துக்கு இரண்டு பலகைகள். வாசல் கால்மிதியின் தும்பைப் பிய்த்துப் பச்சை அடித்து நீளப் புல் ஆக்கினேன். கேக்கில் கோடு இழுக்கும் கத்தியால் நிலையத்துச் சுவரின் ஒவ்வொரு கல்லையும் கீறினேன். கைகாட்டி மரத்தை நூல் இழுத்தால் தாழ்ந்து உயரும்படி செய்தேன். தண்டவாளத்துக்கு நடுவே சரளைக்கல்லைப் பென்சில் முனையால் தள்ளித் தள்ளிச் சமன் செய்ய ஒரு மாரிகாலம் போனது. பெருமையடிக்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான். கீத் ஒவ்வொரு கிழமையும் வந்து பார்த்து "நொட் பேட்" என்பார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு வார்த்தை எவருக்கும் கிடைத்ததில்லை.

வீட்டில் இவருக்குத்தான் பொறுக்கவில்லை. "உமக்கென்ன விசரே? கோச்சி விளையாடுற வயசோ இது?" என்று தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவார். மேசை என் ரயிலுக்குப் போய்விட்ட கோபம் அது.

வசந்தத்தில் வருகிற கிளப் கண்காட்சியில் வாசலுக்கு நேரே உள்ள இடத்தை எல்ம்கோட்டுக்குத் தருவதாகக் கீத் சொல்லியிருந்தார். கண்காட்சிக்குப் பொறுப்பு அவர்தான். அந்த இடம் புதியவர்களுக்குக் கிடைப்பதில்லை, நம் ஆட்களுக்குக் கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. கடைசி வேலையாக மேடையில் மனிதர்களை வைத்தேன். சுண்டுவிரலின் முதல் கணு அளவுதான் ஒவ்வொருவரும். வெள்ளைக்காரர்களுக்கென்றே விற்கிற பொம்மைகள், கோட்டும் தொப்பியும் குடையுமாக. கையை இப்படி வளைத்து, தலையை அப்படித் திருப்பி, இடுப்பில் ஒரு குழந்தையை ஒட்டி, நிறம் தீட்டி நிறுத்தினேன். அச்சு அசல் இங்கிலாந்து என்று எனக்கே தோன்றியது.

பலகைகளைக் கிளப்புக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். கீத் குனிந்து பார்த்தார். வழக்கமான நொட் பேட் வரவில்லை.

"பதினொரு பேர். ஒரேயொரு பயணப்பெட்டி. ஏதும் விபத்தா?"

"இல்லையே."

"அப்படியானால் இவர்கள் எல்லாரும் எங்கே போகிறார்கள்?"

"ஒருவர்தான் போகிறார். மற்றவர்கள் அவரை அனுப்ப வந்தவர்கள்."

"அவர் எவ்வளவு தூரம் போகிறார்?"

"எக்ஸிட்டர் வரைக்கும்."

"எக்ஸிட்டர் இருபது மைல்," என்றார் கீத்.

அவர் சொன்ன பிறகுதான் நானும் குனிந்து, முதல் முறை பார்க்கிறவள் போலப் பார்த்தேன். கோட்டும் தொப்பியும் அவர்களுடையவைதான், நிற்கிற நிலை முழுக்க முழுக்க நம்முடையது. பெண்கள் ஒரு பக்கம் ஒட்டி நிற்கிறார்கள். ஒருத்தி சாப்பாட்டுப் பொதியை நெஞ்சோடு அணைத்திருக்கிறாள். தகப்பன் சற்றுத் தள்ளி, தனக்கு ஒன்றும் இல்லை என்பது போல் கைகாட்டியைப் பார்க்கிறார். பெட்டிக்காரனின் தோளில் யாரோ ஒருவரின் கை. இதையெல்லாம் நான் யோசித்துச் செய்யவே இல்லை. ரயில் நிலையம் என்றால் என் விரல்களுக்கு அது ஒன்றுதான் தெரிந்திருக்கிறது.

இப்படிப்பட்ட நிலையத்தில் மூன்று பேர், மிஞ்சினால் நான்கு பேர் நிற்பார்கள் என்றார் கீத். பார்க்க வருகிறவர்கள் விவரமானவர்கள், இதைத்தான் முதலில் பிடிப்பார்கள், ஏழு பேரைக் கழற்றிவிடுங்கள். அவர் குரலில் கடுமை இல்லை, இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். கழற்றாவிட்டால் என்று கேட்டேன். வாசல் இடத்தை இந்த வருடம் வேறொருவருக்குத் தரவேண்டி வரும் என்றார். பலகைகளைத் துணியால் மூடி, வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு வருட உழைப்பை ஒருவர் இருபது மைல் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாரே என்று வழியெல்லாம் பொருமினேன்.

நான் பார்த்த வழியனுப்புதல் ஒன்றே ஒன்று. கோண்டாவில் நிலையத்தில், சின்ன மாமாவை. எனக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும். கொழும்பில் ஒரு அலுவலகக் கிளறிக்கல் வேலைக்குப் போகிறார், அதற்குச் சொந்தம் முழுவதும் திரண்டு வந்து கோச்சிக்குக் காத்து நின்றது. புட்டுப் பொதி, தண்ணீர்ப் போத்தல், திருநீறு, ஆளுக்கொரு புத்திமதி, கடைசியில் ஆளுக்கொரு "போட்டு வா". கோச்சி புறப்பட்ட பிறகும் கண்ணில் இருந்து மறையும் வரை ஒருவரும் அசையவில்லை. மாமா அடுத்த மாதமே வேலை பிடிக்கவில்லை என்று திரும்பி வந்துவிட்டார், அது வேறு கதை. கொஞ்ச நாளில் சண்டை வந்து கோச்சி நின்றுபோனது. தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டைகளையும் பெயர்த்தெடுத்து, குண்டுவீச்சுக்குப் பதுங்குகிற பங்கர்களுக்குக் கூரை போட்டார்கள். நான் முதன்முதலாகத் தண்டவாளத்தைத் தொட்டுப் பார்த்தது எங்கள் பங்கருக்குள், என் தலைக்கு மேலே.

மூடிய பலகைகள் மேசையில் இருந்தபடியே இருந்தன. இரண்டு நாள் நான் பக்கத்தில் போகவில்லை. ஞாயிறு மத்தியானம் இவர் துணியை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை பேரைக் கழற்றச் சொன்னவர் என்று கேட்டார். ஏழு என்றேன். சாப்பாட்டுப் பொதி வைத்திருக்கிறவளை விரலால் காட்டி, "இவவையுமோ?" என்றார். பிறகு, கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் என்னிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"நான் ஊரை விட்டு வெளிக்கிட்ட அண்டைக்கு அம்மா வாசல் படலை வரைக்கும் வரேல்லை. வந்து நிண்டா சனத்துக்கு விளங்கிப்போடும் எண்டு குசினிக்குள்ளை அடுப்படியிலையே நிண்டவ. நான் சந்தைக்குப் போற மாதிரிச் சைக்கிளிலை போனனான். திரும்பிப் பாக்கவும் ஏலாது."

என்னையும் அப்படித்தான் அனுப்பினார்கள். லண்டன் மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுக்க வெளிக்கிட்டபோது பஸ் வரைக்கும் வந்தவர் அப்பா ஒருவர்தான். அனுமதியில்லாமல் ஊரை விட்டுப் போக முடியாத காலம், கூடி நின்றால் யாராவது கேள்வி கேட்பார்கள் என்ற பயம். எங்கள் தலைமுறையில் பாதிப் பேர் ஒருவரும் கையசைக்காமல் ஊரை விட்டு வந்தவர்கள். வந்து சேர்ந்த இடத்திலும் ஒருவரும் காத்து நிற்கவில்லை.

"கழட்டாதையும்," என்றார் இவர். "கண்காட்சி இல்லாட்டி இல்லை."

ஆனால் எனக்குக் கண்காட்சியும் வேண்டும். நாட்டுப்புற இங்கிலாந்தைச் சாயத்தூளிலும் தும்பிலும் கட்டியவள் நான், அதை வீட்டுக்குள் மூடி வைக்க நான் தயாராக இல்லை. அடுத்த செவ்வாய் கிளப்புக்குப் போய்க் கீத்திடம் என் கைவசம் இருந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். கோண்டாவில், பங்கர், இவருடைய அம்மா குசினிக்குள் நின்றது. "இங்கே ரயில் ஒருவரைக் கொண்டுபோக வருகிறது. எங்களுக்கு ரயில் என்றால் எல்லாரும் பயமில்லாமல் ஒரே இடத்தில் நிற்கலாம் என்று அர்த்தம். ஒருவரையும் கழற்ற மாட்டேன்," என்று முடித்தேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. மற்ற மேசைகளில் உளிச் சத்தம் நின்றது.

கீத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு ஆறுதலாக ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"ரயில் வருவதற்கு எவ்வளவு நேரம் முன்னால் வருவார்கள்?"

"ஒரு மணித்தியாலமாவது."

"அப்படியானால் உட்கார ஒரு வாங்கு போதாது," என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. எனக்கு அப்போது ஆத்திரம்தான் வந்தது. மனதில் இருந்ததை எல்லாம் கொட்டியிருக்கிறேன், இந்த மனிதர் வாங்கைப் பற்றிப் பேசுகிறாரே என்று. அடுத்த செவ்வாய் ஒரு நெருப்புப் பெட்டியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். உள்ளே பஞ்சு விரித்து, தன் கையாலேயே செய்த இரண்டு மர வாங்குகள், ஒரு சாமான் தள்ளுவண்டி. வாங்கின் இரும்புக் கால்களில் கொடி வேலைப்பாடு கூட இருந்தது. வாசல் இடத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அச்சடித்து வந்த கண்காட்சித் தாளில் வாசல் இடத்துக்கு நேரே எல்ம்கோட் என்றிருந்தது, கீழே என் பெயர், எழுத்துப் பிழை இல்லாமல்.

கண்காட்சி நாளில் பலகைகளைத் தன் வான் வண்டியில் ஏற்றி வந்தவர் இவர்தான். ஐந்து தட்டுக் கேக்கைத் தூக்குகிற பக்குவத்தோடு இறக்கினார். ரயிலை ஓட்டுகிறவர் பார்வையாளருக்கு முன்னால் நிற்பதில்லை. வானமும் குன்றும் வரைந்த பலகைக்குப் பின்னால், வயர்களுக்கும் காத்திருக்கும் வண்டிகளுக்கும் நடுவில் நிற்க வேண்டும். அங்கிருந்து நிலையம் தெரியாது. பக்கத்தில் உள்ள இடைவெளி வழியாகக் கூட்டத்தின் தோள்கள்தான் தெரியும், மற்றதெல்லாம் காதில் விழுவதுதான். கீத் முன்னால் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தார். அவர்கள் அவரை அனுப்ப வந்திருக்கிறார்கள், அப்படித்தான் செய்வார்கள், தள்ளி நிற்பவர் தகப்பன், கவனியுங்கள், கவலையைக் காட்டமாட்டார். விவரமான ஒருவர் இது சரித்திரப்படி சரியில்லை என்று தொடங்க, "அவர்கள் ஒரு மணித்தியாலம் முன்னதாக வந்துவிட்டார்கள்" என்று கீத் அடித்துச் சொன்னதைக் கேட்டு, பலகைக்குப் பின்னால் நின்று தனியாகச் சிரித்தேன். ஷீலாவும் வந்திருந்தார். "அந்த மண் எங்கள் பக்கத்து வீட்டுத் தேயிலை" என்று அவர் பக்கத்தில் நின்றவருக்குச் சொல்வதும் கேட்டது.

மூடுகிற நேரம் நெருங்கியபோது ஒரு வயதான பெண், எத்தனை ரயில் வந்துபோயும் அந்த ஆள் ஏறவே இல்லையே என்று கேட்டாராம். கீத் பின்னால் வந்து என்னிடம் சொன்னார். கடைசி ரயில், இதிலாவது அவர் போகட்டும் என்றார். ரயில் பெட்டிகளின் கூரை ஒட்டியது, உள்ளே ஆளை வைக்க முடியாது. அதனால் முன்னால் போய், சீனி ரோசாவைப் பெயர்க்கிற மெல்லிய கத்தியால் பெட்டிக்காரனை மேடையிலிருந்து பெயர்த்தெடுத்தேன். தோளில் கை வைத்திருந்தவரின் கை வெறுங்காற்றில் நின்றது. அவனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பலகைக்குப் பின்னால் திரும்பி வந்து, கைகாட்டியைத் தாழ்த்தி, குமிழைத் திருகினேன். ரயில் மெதுவாக நகர்ந்தது.

இடைவெளி வழியாகப் பார்த்தேன். முன்வரிசையில் யாரோ கையை உயர்த்தி அசைத்தார்கள். பிறகு ஷீலா, பிறகு முன்பின் தெரியாத ஏழெட்டுப் பேர், கணக்கு வாத்தியார் கீத் கூட. ரயில் குன்றுக்குக் கீழே இருந்த துளையால் நுழைந்து என் பக்கம் வந்து நின்றது. இந்தப் பக்கத்தில் குன்றும் இல்லை வானமும் இல்லை, வெறும் பலகையின் முதுகு. கையசைக்கிறவர்கள் எல்லாரும் அந்தப் பக்கம். இவருடைய குரல் மட்டும் பலகையைத் தாண்டி வந்தது, சின்னதாக, வெள்ளைக்காரர்களுக்கு நடுவில் கூச்சத்தோடு.

"போட்டு வா, ராசா."

உள்ளங்கையில் கிடந்தவனைப் பார்த்தேன். பதில் சொல்ல இந்தப் பக்கத்தில் என்னை விட்டால் ஆளில்லை.

"போட்டு வாறன்," என்றேன்.