கொம்பையாவின் தொட்டி செத்த கதை

கொம்பையாவை எனக்குப் பிடிக்காது. இப்போதும் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மனம் மாறி எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

வல்லம் வடகாலில், கம்பெனிப் பெண்கள் ஆயிரத்து எண்ணூறு பேர் தங்கும் ஹாஸ்டல் எங்களுடையது. நான் அன்னக்கிளி, பென்னலூர்க்காரி, ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். கொம்பையா சங்கரன்கோவில் பக்கத்து ஆள். ஹாஸ்டல் கழிவுநீரைச் சுத்தம் செய்கிற பிளாண்டின் ஆபரேட்டர். பின்பக்கம் இருபத்து நாலு மணி நேரமும் காற்று ஊதிக்கொண்டிருக்கும் பெரிய தொட்டி. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கோடிக்கணக்கில் இருந்து நம் அழுக்கைத் தின்கின்றன என்பான். அவற்றுக்கு 'நம்ம ஆட்கள்' என்று பெயர். அந்த மரியாதை மனிதர்களுக்குக் கிடையாது.

என் கீழ் வேலை செய்யும் பெண்கள் பாத்ரூம் கழுவும்போது வாசலில் வந்து நிற்பான்.

"ஏளா, என்னத்த இம்புட்டு ஊத்துதிய? எல்லா பிளீச்சிங்கும் என் தொட்டிக்குத்தான் வருது. நம்ம ஆட்கள் செத்துருவாங்க. இன்னொரு தடவ பார்த்தேன், வாளியத் தூக்கி எறிஞ்சிருவேன்."

ஒருநாள் எறிந்தே விட்டான். கழுவிக்கொண்டிருந்த ராஜம்மாவின் புடவையெல்லாம் நனைந்தது.

"யோவ், உன் பூச்சிக்குப் பயந்துகினு நாங்க வேலை பாக்கணுமா?" என்றேன்.

"அறிவு இருந்தா நான் ஏன் கத்தப் போறேன்?" என்றான், பத்துப் பேர் முன்னால்.

அன்றிலிருந்து கறுவிக்கொண்டே இருந்தேன்.

போன ஆடியில் கம்பெனியின் வெளிநாட்டு கஸ்டமர் ஹாஸ்டலைப் பார்வையிட வருவதாக இருந்தது. மேனேஜர் சண்முகசுந்தரம் என்னைக் கூப்பிட்டு, "ஒரு வாடை வரக் கூடாது, அன்னக்கிளி. என்ன போடுவீங்களோ போடுங்க" என்றார். கொம்பையா சாப்பிடப் போன நேரம் பார்த்து, நாலு மாடி பாத்ரூமிலும் நாலு மூட்டை பிளீச்சிங் பவுடரையும் இருந்த பினாயில் அத்தனையையும் கொட்டிக் கழுவச் சொன்னேன். வேண்டுமென்றேதான் செய்தேன். தொட்டி முழுக்கச் செத்துப்போகும் என்று தெரியாது. அவன் வயிறு எரியட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

மறுநாள் பாத்ரூம் பளிச்சென்று இருந்தது. நாற்றம் தொட்டியிலிருந்து வந்தது. வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பத்து நிமிடத்தில் காரில் ஏறிவிட்டார்கள்.

கொம்பையா கத்தவில்லை. கண்ணாடி ஜாடியில் தொட்டித் தண்ணீரை மொண்டு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அரை மணியில் சேறு கீழே படிந்து மேலே தெளிவாக நிற்க வேண்டிய தண்ணீர் அன்று அரிசி களைந்த தண்ணீராகவே நின்றது.

மறைமலை நகரில் தெரிந்த ஆபரேட்டரிடம் கெஞ்சி, கிருமிகள் உயிரோடிருக்கும் சேறு ஒரு லாரி கொண்டுவந்து தொட்டியில் விட்டான். தினமும் அவற்றுக்குத் தீனியாகச் சாணியும் வெல்லமும் கரைத்து ஊற்றினான். வெள்ளை நுரை எழும்பித் தரையெல்லாம் வழிந்தது. மேனேஜர் திட்டத் திட்ட விளக்கம் சொன்னான்.

"முதல்ல வாறவன் தின்னிப்பய சார். கண்டதத் தின்னு பெருகுவான், நுரையா வரும். அவனத் தின்ன அடுத்தவன் வந்தாத்தான் தண்ணி தெளியும். மூத்திர நெடிய எடுக்கவன் கடைசியிலதான் வருவான், ரொம்ப மெதுவா. மூணு வாரம் ஆவும். யாரும் கை வைக்காதீங்க."

"மூணு வாரமா? பத்து நாள். இல்லன்னா ஊருக்குக் கிளம்பு" என்றார் மேனேஜர்.

பத்தாம் நாள் நுரை குறைந்தது, தண்ணீரும் தெளிந்திருந்தது. நெடி மட்டும் போகவில்லை. மேனேஜரோ மேலிடத்துக்கு யாரையாவது குற்றவாளியாகக் காட்டியாக வேண்டிய நிலையில் இருந்தார். எங்கள் இருவரையும் ஆபீசுக்குள் நிற்க வைத்தார்.

"அன்னைக்கு எவ்வளவு பிளீச்சிங் போட்டீங்க?"

"எப்பவும் போடறதுதான் சார்."

கொம்பையா என்னைத் திரும்பிப் பார்த்தான். "யக்கா, உண்மையச் சொல்லிருங்க. உங்களத் திட்டுனதெல்லாம் தப்புதான், கால்ல வேணாலும் விழுதேன். ரெண்டு பிள்ளைக வச்சிருக்கேன்."

அந்தத் திமிர் பிடித்தவன் கெஞ்சுவான் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது. சொன்னால் என் வேலை போகும் என்ற பயமும் இருந்தது.

"எப்பவும் போடறதுதான் சார்" என்று மறுபடி சொன்னேன்.

கவனக்குறைவு என்று எழுதி அன்றைக்கே கொம்பையாவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அவன் இடத்துக்கு மாரிசெல்வம் என்று ஒரு புது ஆள் வந்தான். வேலை தெரியாதவன். மோட்டார் ஓடுகிறதா என்று எட்டிப் பார்ப்பதோடு சரி, தொட்டியில் கையே வைக்கவில்லை. இன்னும் பதினோரு நாள் போனது, கொம்பையா கேட்ட மூணு வாரம் நிறைந்தது. ஒரு காலையில் தொட்டியருகே போய் நின்றேன். நெடி இல்லை. மழை பெய்த மண் வாசனைதான் வந்தது.

எனக்கு அழுகை முட்டியது. கொம்பையாவின் மேல் இருந்த வெறுப்பும் போகவில்லை, அழுகையும் நிற்கவில்லை.

பின்னாலேயே மேனேஜர் வந்தார். மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பாத்தீங்களா அன்னக்கிளி, ஆளை மாத்துனதும் எப்படிச் சரியாயிடுச்சு."

"ஆமா சார்" என்றேன்.